ஆதிப் பாலூட்டிகளின் புதைபடிவங்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

டைனோசர் என்றதும் யாருக்கும் ஓர் உருவம் கண்முன் வந்துவிடும். அதே காலத்தில் வாழ்ந்த பாலூட்டியைக் காட்டு என்று அருங்காட்சியகத்தில் கேட்டால், பெரும்பாலும் ஊசிமுனையில் ஒட்டிவைத்த ஒற்றைப் பல்லைத்தான் காட்டுவார்கள். அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்கள் சோர்ந்துபோவது இங்கேதான். இன்னொரு சிக்கலும் உண்டு. பாலூட்டி என்றால் பால், முடி, வெப்பரத்தம் என்று பள்ளியில் படித்திருப்போம். பாலும் வெப்பமும் கல்லில் தங்காது. முடி எப்போதாவது தங்கும்.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். ‘இது பாலூட்டியா, இல்லையா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இதில் எந்தப் பாகம் பாலூட்டியுடையதாக மாறிவிட்டது, எது இன்னும் மாறவில்லை?’ என்று கேளுங்கள். தாடை ஒரு காலத்தில் மாறியது, பல் ஒரு காலத்தில், காது இன்னொரு காலத்தில், வாழ்க்கை வேகம் எல்லாவற்றுக்கும் பிறகு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

காலவரிசை: இவ்வளவு தெரிந்தால் போதும்

நம் கால்வழி, பல்லி, முதலை, பறவைகளின் கால்வழியிலிருந்து சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. இதற்கு சினாப்சிட் என்று பெயர். மண்டையோட்டில் கண்குழிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரே ஒரு துளை இருப்பது இதன் அடையாளம். முதுகில் பாய் விரித்தாற்போல் நிற்கும் டைமெட்ரோடானை டைனோசர் பொம்மைகளோடு சேர்த்து விற்கிறார்கள். அது டைனோசர் அல்ல, நம் பக்கத்து உறவு. டைனோசர்களுக்கு முந்தைய பெர்மியன் காலத்தைச் சேர்ந்தது.

அடுத்து, பாலூட்டிகள் கிளைத்த சினாப்சிட் கூட்டமான சைனோடான்ட்டுகள். தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியில் கிடைக்கும் த்ரினாக்ஸோடான், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அப்புறம் ட்ரையாசிக் காலத்தின் கடைசியில், ஏறக்குறைய 20.5 கோடி ஆண்டுகளுக்கு முன், மார்கனுகோடான் போன்ற சின்னஞ்சிறு விலங்குகள். அங்கிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழியும்வரை உள்ள காலம்தான் நம் களம். நம் வரலாற்றில் மூன்றில் இரண்டு பங்கு இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆட்டுத் தாடையும் மீன் தலையும்

புத்தகத்துக்கு முன் கறிக்கடைக்குப் போய்வருவது நல்லது. ஓர் ஆட்டுத்தலையை வாங்கி, சதை கழன்றுவரும்வரை வேகவைத்துக் கீழ்த்தாடையை எடுங்கள். மோவாயில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதியைக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். முன்னாலிருந்து பின்வரை ஒரே எலும்பு, எங்கும் ஒட்டு இல்லை. பின்பக்கம் மேலெழும் பகுதியில் இரண்டு நீட்சிகள் தெரியும். மெல்லிய தகடுபோல் உயர்ந்து வளைந்திருப்பது தசை பிடிக்கும் இடம். அதற்குப் பின்னால் இருக்கும் தடித்த முனை, மண்டையோட்டோடு சேரும் மூட்டு. கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினால் அதன் வேர் பிரிந்திருப்பதைக் காணலாம்.

இப்போது சங்கரா மீன் தலை. குழம்பில் வெந்த தலையே போதும். கீழ்த்தாடையை மெல்லப் பிரித்தால், பல் உள்ள முன் எலும்பு ஒன்றும் அதற்குப் பின்னால் வேறொரு எலும்பும் தனித்தனியாகக் கழன்று வரும். மூட்டு இருப்பது பின் எலும்பில். பல்லியிலும் முதலையிலும் இப்படித்தான்: கீழ்த்தாடையில் பல எலும்புகள், மூட்டு கடைசி எலும்பில். கோழியில் அவை ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் எளிதில் தெரியாது.

பெயர்களை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். பல் தாங்கும் முன் எலும்பு டென்டரி. பின்னால் மூட்டாக இருப்பது ஆர்ட்டிகுலர். அது மண்டையோட்டில் சென்று சேரும் எலும்பு குவாட்ரேட். இன்று வாழும் விலங்குகளில் பாலூட்டியில் மட்டும் டென்டரி நேராக ஸ்குவாமோசல் என்ற வேறொரு மண்டையோட்டு எலும்போடு மூட்டுச் சேர்கிறது. இந்த நான்கு பெயர்கள் இல்லாமல் ஓர் ஆய்வுக்கட்டுரையின் சுருக்கத்தைக்கூடப் படிக்க முடியாது.

மூட்டு இடம் மாறிய கதை

ஆட்டுத் தாடையை ஒரு பக்கமும் டைமெட்ரோடான் தாடையின் படத்தை மறுபக்கமும் வைத்து, நடுவில் த்ரினாக்ஸோடானை வையுங்கள். டென்டரி பின்னோக்கிப் பெருத்துக்கொண்டே வருவதும், பின்னால் இருந்த எலும்புகள் ஒல்லியாகி ஒதுங்குவதும் தெரியும். கடிக்கும் தசைகள் எல்லாம் டென்டரிக்கு மாறிவிட்டதால் பின் எலும்புகளுக்குச் சுமை குறைந்துவிட்டது. ஒரு கட்டத்தில் டென்டரியின் பின்முனை ஸ்குவாமோசலைத் தொட்டுவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பழைய மூட்டை விட்டுப் புது மூட்டுக்கு மாறும்போது இடையில் அந்த விலங்கு எப்படி மென்று தின்றிருக்கும்? இரண்டு மூட்டுகளும் ஒன்றாக இருந்தன என்பதுதான் பதில். வேல்ஸ் நாட்டின் கிளாமோர்கன் பகுதியில், சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் அடைத்திருந்த பழைய மண்ணிலிருந்து கிடைத்த மார்கனுகோடானைப் புதைபடிவ ஆய்வாளர் வால்டர் கியூனே 1949-இல் விவரித்தார். அதே பேரினம் சீனாவின் யுனான் மாகாணத்து லூஃபெங்கிலும் கிடைத்தது. அதன் தாடையில் ஆர்ட்டிகுலர்–குவாட்ரேட் மூட்டும் இருக்கிறது, டென்டரி–ஸ்குவாமோசல் மூட்டும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்க சைனோடான்ட்டான டயார்த்ரோக்னாதஸிலும் இதேபோன்ற இரட்டை ஏற்பாடு உண்டு.

படத்தில் இதைப் பார்க்க ஒரு வழி. தாடையின் வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உள்பக்கம், அதாவது நாக்கு இருக்கும் பக்கத்தைக் காட்டும் படத்தைத் தேடுங்கள். மார்கனுகோடானில் பல்வரிசை முடியும் இடத்துக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். சிறுத்துப்போன பின் எலும்புகள் படுத்திருந்த இடம் அது. சிற்றெலும்புகள் பெரும்பாலும் உதிர்ந்து தொலைந்துபோயிருக்கும். பள்ளம் இருந்தால் எலும்புகள் இருந்தன என்று அறியலாம். புதிதாக ஒரு தாடை விவரிக்கப்படும்போது நிபுணர்கள் முதலில் தேடுவது இந்தப் பள்ளத்தைத்தான்.

உங்கள் காதுக்குள் ஒரு பழைய தாடை

காது துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலடியில் நகர்வது டென்டரியின் மூட்டு. காதும் தாடை மூட்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பது தற்செயல் அல்ல. வேலை போன அந்தப் பின் எலும்புகள் நம் நடுச்செவிக்குள் போய்விட்டன. ஆர்ட்டிகுலர், சுத்தி எலும்பானது. குவாட்ரேட், பட்டடை எலும்பானது. ஆங்குலர் என்ற இன்னொரு தாடை எலும்பு, செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் வளையமானது. மூன்றாவது செவி எலும்பான அங்கவடி மட்டும் முன்பிருந்தே காதில் இருந்தது.

கேட்பதற்கு மிகை போலத் தோன்றும் இந்த முடிவு புதைபடிவத்திலிருந்து வரவில்லை. 1837-இல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் கார்ல் ரைகெர்ட், பன்றிக் கருக்களை ஆராய்ந்து சொன்னது. கருவில் சுத்தி எலும்பு, மெக்கல் குருத்தெலும்பு என்ற கீழ்த்தாடைக் குருத்தெலும்பின் பின்முனையாகவே தொடங்குகிறது. இன்றும், குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் அமெரிக்க விலங்கான ஓபோசத்தின் குட்டி பிறக்கும்போது டென்டரி மூட்டு தயாராக இருப்பதில்லை. சில வாரங்கள் கழித்துத்தான் அமைகிறது. அதுவரை குட்டி பழைய ஏற்பாட்டை வைத்துக்கொண்டே பால் குடிக்கிறது. ரைகெர்ட் சொன்னதற்குக் கல்லில் சாட்சி கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. கரு சொன்னதும் கல் சொன்னதும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்திய இடம் பரிணாம உயிரியலில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மூன்று விலங்குகளை வரிசையில் வைத்துப் பாருங்கள். மார்கனுகோடானில் காது எலும்புகள் இன்னும் தாடையிலேயே இருக்கின்றன. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் கிடைத்து 2007-இல் விவரிக்கப்பட்ட யானோகோனோடானில் அவை தாடையை விட்டு விலகிவிட்டன. ஆனால் எலும்பாக மாறிய மெக்கல் குருத்தெலும்பு ஒரு குச்சிபோல நின்று அவற்றைத் தாடையோடு கட்டிவைத்திருக்கிறது. நம்மில் அந்தத் தொடர்பு முற்றிலும் அறுந்துவிட்டது.

இந்த வரிசையை ஏணிப்படியாக எடுத்துக்கொண்டால் ஒரு தவறு நேரும். லூஃபெங்கில் கிடைத்து 2001-இல் விவரிக்கப்பட்ட ஹாட்ரோகோடியம் சுமார் 19.5 கோடி ஆண்டு பழையது. யானோகோனோடானைவிட மிக மூத்தது. அதன் மண்டையோடு 12 மில்லிமீட்டர், எடை 2 கிராம் அளவில்தான் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அதன் தாடையில் அந்தப் பள்ளமே இல்லை. காது தாடையை விட்டுப் பிரிந்தது ஒருமுறை நடந்த நிகழ்ச்சி அல்ல; வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது என்பதே இன்றைய பொதுவான கருத்து.

பல்: இங்கே நிதானமாக இருங்கள்

எனாமல் உடலிலேயே கடினமான பொருள். எலும்பெல்லாம் பொடியானாலும் பல் தங்கும். அதனால்தான் டைனோசர் காலத்துப் பாலூட்டி இனங்களில் பெரும்பாலானவை பல்லாலும் தாடைத்துண்டாலும் மட்டுமே அறியப்பட்டவை.

பல்லைச் சேகரிக்கும் முறை தெரிந்தால் அதன் பலமும் பலவீனமும் புரியும். மூட்டை மூட்டையாக மண்ணை அள்ளி வந்து வெயிலில் காயவைத்துத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். கட்டி உடையாத களிமண் என்றால், காய்ந்த பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தண்ணீர் விடுவதும் உண்டு. பிறகு மில்லிமீட்டருக்கும் குறைவான கண் கொண்ட சல்லடையில் அலசி, மிஞ்சும் கசடை உருப்பெருக்கியின் கீழ் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொரு பல்லாகப் பொறுக்குவார்கள். டன் கணக்கில் மண் அலசி ஒரு தேக்கரண்டி பல் கிடைத்தால் நல்ல பருவம்.

கிடைத்த பல்லில் பார்க்க வேண்டியவை நான்கு. வேர் பிரிந்திருக்கிறதா? முகட்டில் பல கூர்கள் உள்ளனவா? மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசித் தேய்ந்த பளபளப்பான தளங்கள் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருக்கின்றனவா? அடியில் மாற்றுப்பல் வளர்ந்துகொண்டிருக்கிறதா?

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. முதலைக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். அப்படி மாறிக்கொண்டே இருந்தால் மேலும் கீழும் கச்சிதமாகப் பொருந்தாது. மார்கனுகோடானுக்கு நம்மைப் போலவே பால்பல் ஒருமுறை, நிலைப்பல் ஒருமுறை. அதனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகிப் பொருந்தின. குட்டிப் பருவத்தில் பல் இல்லாமலே சமாளிக்க முடிந்தது என்றால் தாய் பால் கொடுத்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். பாலுக்குக் கல்லில் கிடைக்கும் சாட்சி இவ்வளவுதான், அதுவும் மறைமுகமாக. ஆனால் எனக்கு இது வலுவான ஊகமாகவே படுகிறது.

கூர்களின் அமைப்பையும் கவனியுங்கள். மார்கனுகோடானின் கடைவாய்ப்பல்லில் முக்கியக் கூர்கள் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கும். அதே வேல்ஸ் வெடிப்புகளில் கிடைக்கும் கியூனியோதேரியத்தில் அவை லேசாக முக்கோணமாகின்றன. பின்னாளில் பைப்பாலூட்டிகளும் (கங்காரு போன்றவை) நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளும் (நம்மைப் போன்றவை) எடுத்துக்கொண்ட பல்லில், மேல்பல்லின் உட்கூர் கீழ்ப்பல்லின் பின்புறக் குழிக்குள் உரலும் உலக்கையும்போல இறங்கும். வெட்டுவதும் இடிப்பதும் ஒரே கடியில் முடிந்துவிடும். இதற்கு ட்ரைபோஸ்பீனிக் பல் என்று பெயர். மடகாஸ்கரில் கிடைத்த அம்போன்ட்ரோ என்ற விலங்கும் இதேபோன்ற பல்லோடு ஜுராசிக் காலத்திலேயே இருந்தது. ஆனால் அது வேறு கிளை என்றும், தென்கண்டங்களில் இந்தப் பல் தனியாகத் தோன்றியது என்றும் 2001-இல் ஒரு குழு வாதிட்டது. விவாதம் ஓயவில்லை. தொடக்கத்தில் நீங்கள் இதில் இறங்க வேண்டாம்.

பல்லை அறுக்காமலே உள்ளே பார்க்கவும் இப்போது முடிகிறது. பல்வேரில் ஆண்டுக்கு ஒரு வளையம் சேரும். மார்கனுகோடான், கியூனியோதேரியம் பற்களைச் சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் செறிவான எக்ஸ்-கதிரால் படமெடுத்து வளையங்களை எண்ணியது 2020-இல் வெளியான ஓர் ஆய்வு. மார்கனுகோடான் 14 ஆண்டுவரை வாழ்ந்திருக்கிறது. கியூனியோதேரியம் 9 ஆண்டுவரை. அதே அளவுள்ள இன்றைய பாலூட்டிகள் காட்டில் ஓரிரண்டு ஆண்டு தாண்டினாலே பெரிது. அதாவது பல்லும் தாடையும் பாலூட்டியுடையதாக மாறிய பிறகும், உடலின் வேகம் பல்லியின் பக்கமே இருந்திருக்கிறது.

முழு உடல் கிடைத்தால்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் முழு உடல் அபூர்வம். சீனாவின் இரண்டு ஏரிப் படிவுகள்தான் இதற்குப் பெயர்போனவை. உள்மங்கோலியாவின் தாவுஹுகோவில் கிடைத்து 2006-இல் விவரிக்கப்பட்ட காஸ்டோரோகவுடா சுமார் 16.4 கோடி ஆண்டு பழையது. உடலைச் சுற்றி முடியின் பதிவும், நீர்நாயைப்போல நீந்த உதவிய தட்டையான வாலும் அதில் தெரிகின்றன. லியாவோனிங்கின் ரெபெனோமாமஸ் இன்னும் பிரபலம். 2005-இல் விவரிக்கப்பட்ட ஓர் எலும்புக்கூட்டின் வயிற்றுப் பகுதியில் சிட்டகோசாரஸ் என்ற டைனோசரின் குஞ்சு எலும்புகள் இருந்தன. அதன் பெரிய இனம் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். டைனோசர் காலத்துப் பாலூட்டி எல்லாம் பயந்து ஒளிந்த சுண்டெலிதான் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று: அரிசோனாவின் கயென்டாதேரியம். பாலூட்டிக்கு மிக நெருங்கிய உறவு, ஆனால் பாலூட்டி அல்ல. 2018-இல் ஒரு பெரிய விலங்கோடு 38 குட்டிகள் சேர்ந்து கிடைத்ததை விவரித்தார்கள். எந்தப் பாலூட்டியும் ஒரே ஈற்றில் அத்தனை குட்டி போடுவதில்லை. பல் வேர் பிரிந்திருக்கிறது, முகட்டில் பல கூர்கள் இருக்கின்றன, ஆனால் இனப்பெருக்கம் ஊர்வனவுடையது. பாகம் பாகமாகப் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

செய்தியில் வந்தால் எப்படிப் படிப்பது

‘உலகின் மிகப் பழைய பாலூட்டி’ என்று ஆண்டுக்கொரு தலைப்பு வரும். முதலில் அவர்கள் எந்த வரையறையை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டென்டரி–ஸ்குவாமோசல் மூட்டு வந்துவிட்டால் பாலூட்டி என்பது ஒரு வரையறை. அதில் மார்கனுகோடான் உள்ளே வரும். இன்று உயிரோடிருக்கும் முட்டையிடும் பாலூட்டி, பைப்பாலூட்டி, நஞ்சுக்கொடிப் பாலூட்டி ஆகியவற்றின் பொது மூதாதையும் அதன் வாரிசுகளும் மட்டுமே என்பது இன்னொன்று. அதில் மார்கனுகோடான் வாசலிலேயே நின்றுவிடும். பிரேசிலில் கிடைத்த பிரேசிலோடான் என்ற சைனோடான்ட்டுக்குப் பால்பல்–நிலைப்பல் முறை இருந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு வந்தபோது, அதையே பாலூட்டி என்று எழுதியவர்கள் உண்டு. வரையறை மாறினால் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பின்னாகும்.

அடுத்து, எவ்வளவு பொருள் கிடைத்தது என்று பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் டிக்கி படிவுகளிலிருந்து ஒரே ஒரு மேல் கடைவாய்ப்பல்லை வைத்து 2005-இல் டிக்கிதேரியம் பெயரிடப்பட்டது. ட்ரையாசிக் காலத்துக்கு வியப்பூட்டும் அளவு முன்னேறிய பல் என்று பல பட்டியல்களில் ஏறியது. 2024-இல் வந்த மறுஆய்வு, அது மிகப் பிற்காலத்து மூஞ்சூறின் பல், பழைய மண்ணோடு கலந்துவிட்டது என்கிறது. ‘காலத்துக்கு மீறிய’ ஒற்றைப் பல் என்றால் கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஆக்ஸ்போர்டுக்கு அருகே ஸ்டோன்ஸ்ஃபீல்டில் கிடைத்த சிறு தாடைகளைப் பாலூட்டியுடையவை என்று ஆங்கிலேயப் புவியியலாளர் பக்லண்ட் 1824-இல் அறிவித்தபோது, அத்தனை பழைய பாறையில் பாலூட்டி இருக்க முடியாது என்று பலர் நம்ப மறுத்தார்கள். 1838-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிளான்வில் அவை பாலூட்டியே அல்ல என்று வாதிட்டார். ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் ஒற்றை எலும்புத் தாடையையும் பிரிந்த வேரையும் காட்டி எதிர்வாதம் செய்தார். ஓவன் சொன்னது நின்றது. ஆட்டுத் தாடையில் நீங்கள் பார்த்தது இதே இரண்டைத்தான்.

அடுத்து எங்கே போவது

அரியலூருக்குக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே பெரும்பாலும் கிடைப்பது கடல் உயிரிகளின் படிவம். நமக்கு அருகில் இருப்பவை இரண்டு. ஒன்று, பிராணஹிதா–கோதாவரி பள்ளத்தாக்கின் கோட்டா படிவுகள். பாரபாசாரஸ் என்ற பெரிய டைனோசர் கிடைத்த அதே படிவுகளிலிருந்து, இந்தியாவின் முதல் ஜுராசிக் பாலூட்டியான கோட்டாதேரியம் 1981-இல் விவரிக்கப்பட்டது, பல்லை வைத்துத்தான். இன்னொன்று தெலங்கானாவின் நஸ்கல். தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையில் தங்கிய மண்ணிலிருந்து, 1988-இல் ஆய்வாளர்கள் பிரசாதும் சாஹ்னியும் டெக்கானோலெஸ்டெஸை விவரித்தார்கள். டைனோசர்களின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்திலிருந்து இந்தியாவில் கிடைத்த முதல் பாலூட்டி அது. பிறகு கிடைத்த கணுக்கால் எலும்புகள் அது மரமேறியது என்று காட்டின.

வீட்டில் இருந்தபடியே தொடங்க டிஜிமார்ஃப், மார்ஃபோசோர்ஸ் ஆகிய இணையத் தொகுப்புகள் போதும். முதலில் டிஜிமார்ஃபில் த்ரினாக்ஸோடான் மண்டையோட்டைத் திறந்து சுழற்றுங்கள். கீழ்த்தாடையை உள்பக்கமாகத் திருப்பி, டென்டரி எங்கே முடிகிறது, பின் எலும்புகள் எங்கே தொடங்குகின்றன என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அப்புறம் மார்கனுகோடானின் உள்பக்கப் படத்தைத் தேடி, அதே அளவில், அதே தாளில், பக்கத்திலேயே வரையுங்கள். பள்ளம் எங்கே என்று குறித்த பிறகு ஹாட்ரோகோடியத்துக்குப் போகலாம்.